மாற்றங்கள் சோதனைப் பெட்டி: சாமான் நல்ல சாமான், நாலாம் பக்கத்தை மட்டும் நம்பாதீர்கள்

கடைசியில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். பெட்டியில் இருக்கும் பொருட்களுக்கு 4 நட்சத்திரம். கூட வரும் விளக்கப் புத்தகத்துக்கு 2, அதுவும் அதன் கடைசிப் பக்கத்தை உத்தேசித்து.

'இயற்பியல் மாற்றமா, வேதியியல் மாற்றமா?' என்று அட்டையில் பெரிதாகப் போட்டு, ஆன்லைனில் 1,200 ரூபாய்ச் சொச்சத்துக்கு விற்கிற பெட்டி இது. இதே அட்டை, இதே புட்டிகள், மேலே ஒட்டிய லேபிள் மட்டும் மாறி வேறு பெயர்களிலும் வருகிறது. ஆகவே கம்பெனிப் பெயருக்குள் நான் போகவில்லை. படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஏழாம் வகுப்புப் படிக்கிற பேரனுக்காக வாங்கினேன். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள், ஊர் கோவில்பட்டி. எழுத்தில் டீச்சர் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது? சோதனைக் குழாய்கள், அவற்றைப் பிடிக்க மர இடுக்கி, சாராய விளக்கு, தெர்மாமீட்டர், காந்தம், புனல், வடிதாள், பலூன், ஒரு பொட்டலம் ஆணி. புட்டிகளில் மயில்துத்தம் (லேபிளில் காப்பர் சல்பேட்), நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு), சமையல் சோடா, சிட்ரிக் அமிலம், நீற்றிய சுண்ணாம்பு, இரும்புத்தூள், கந்தகம், துத்தநாக ஆக்சைடு. அப்புறம் மக்னீசியம் நாடாவில் இரண்டு துண்டு. விளக்குக்கு ஸ்பிரிட் நாம்தான் வாங்க வேண்டும், கூரியரில் அனுப்பமாட்டார்கள். அது நியாயம். தராசு கிடையாது, அது நியாயமில்லை, ஏனென்று பின்னால் சொல்கிறேன்.

குழாய்கள் தடித்த கண்ணாடி, நேராகத் தீயில் காட்டினாலும் கீறல் விடவில்லை. பள்ளி ஆய்வகத்துக்கு டெண்டரில் வந்த குழாய்களைவிட இவை மேல் என்றே சொல்வேன். மயில்துத்தம் நல்ல படிகமாக, ஈரம் ஏறாமல் வந்தது. தெர்மாமீட்டர் ஏறக்குறையச் சரியாகக் காட்டுகிறது. கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அதன் எலாஸ்டிக் பெரியவர் தலைக்கே தொளதொள. அதை ஊக்குக் குத்தித்தான் பையனுக்குப் போட்டேன்.

இப்போது அந்த நாலாம் பக்கம்.

அதில் ஒரு அட்டவணை. பழைய நிலைக்குத் திரும்பினால் இயற்பியல் மாற்றம், திரும்பாவிட்டால் வேதியியல் மாற்றம். நிறம் மாறினால், குமிழி வந்தால், சூடு உண்டானால் வேதியியல். பரீட்சைக்கு இது சௌகரியம். மனப்பாடம் செய்து எழுதினால் மார்க் விழும். ஆனால் இதே பெட்டியில் இருக்கும் புட்டிகளை வைத்தே அந்த அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் பொய்யாக்கிக் காட்டலாம். கம்பெனிக்காரர்கள் தங்கள் சாமானைத் தாங்களே முழுதாகச் செய்து பார்க்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: முன்னால் இருந்த பொருள்தான் பின்னாலும் இருக்கிறதா, வேறு பொருள் வந்துவிட்டதா? நிறமும் குமிழியும் சூடும் துப்பு மட்டும்தான்.

முதல் சோதனை மயில்துத்தம். நீலப் படிகத்தைப் பொடித்துக் குழாயில் போட்டு, குழாயின் வாய் கொஞ்சம் கீழே சாயும்படி பிடித்துச் சூடாக்க வேண்டும். (வாய் மேலே இருந்தால் மேலே குளிரும் தண்ணீர் ஓடிவந்து சூடான அடியில் விழும், குழாய் விரிசல் விடும். புத்தகம் இதைச் சொல்லவில்லை, படத்தில் குழாய் நட்டுக்க நிற்கிறது.) கொஞ்ச நேரத்தில் வாய்ப்பக்கம் நீர்த்துளிகள் கட்டும். நீலம் வெளிறி வெளிறிக் கடைசியில் வெள்ளைப் பொடி. ஆறவிட்டு இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் பளிச்சென்று நீலம் திரும்பும். குழாயின் அடியைக் கையில் பிடித்தால் சுடும்.

பையன் துள்ளினான். "திரும்பி வந்துட்டுல்லா ஆச்சி! அப்போ இயற்பியல்!" நாலாம் பக்கத்தைக் காட்டுகிறான். அதே பக்கத்தின் அடுத்த வரிப்படி, நிறம் மாறியதால் அது வேதியியல். இரண்டு வரியும் அடித்துக்கொள்கின்றன. புத்தகம் இந்தச் சோதனைக்கு விடையாக 'வேதியியல் மாற்றம்' என்று ஒற்றைச் சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. விடை சரி. காரணம்?

இங்கேதான் தராசு வேண்டும். 0.1 கிராம் காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசு என்னிடம் இருந்தது. 5 கிராம் நீலப் படிகத்தை முழுதாக வெளுக்கச் செய்தால் 3.2 கிராம்தான் மிஞ்ச வேண்டும். நூற்றுக்கு 36 பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் படிகத்தின் மேலே ஒட்டியிருந்த ஈரமில்லை, கையில் எடுத்தால் படிகம் உலர்ந்துதானே இருக்கிறது. ஒரு காப்பர் சல்பேட்டுக்கு 5 நீர் மூலக்கூறு என்று கணக்காக உள்ளே பிணைந்திருந்த படிக நீர் அது. சூட்டில் அந்தப் பிணைப்பு அறுந்தது, நீரற்ற காப்பர் சல்பேட் என்ற வேறு பொருள் வந்தது. தண்ணீர் விட்டபோது பிணைப்பு மறுபடி உண்டானது, அதனால்தான் சூடு. ஈர மணலைக் காயவைத்தாலும் எடை குறையும், தண்ணீர் விட்டால் திரும்ப ஈரமாகும். ஆனால் மணல் எப்போதும் மணல்தான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் செய்து காட்டியதும் பையனுக்கு வித்தியாசம் பிடிபட்டது. வேதியியல் மாற்றமும் திரும்பும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் பள்ளிக்கூடத்துப் பெட்டியில் கிடைக்காது. கையில் வைத்துக்கொண்டே வீணடித்திருக்கிறார்கள்.

இரண்டாவது அடி சுண்ணாம்புத் தண்ணீரில் விழுந்தது. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி ராத்திரி முழுக்கத் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ள வேண்டும். ஸ்ட்ரா வைத்து மூச்சை ஊதினால் பால்போல் ஆகும் என்கிறது புத்தகம். ஆனது. அத்தோடு நிறுத்துகிற பிள்ளையா? இவன் ஊதிக்கொண்டே இருந்தான். கலங்கல் குறைந்து, தண்ணீர் மறுபடி தெளிந்துவிட்டது. புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. தெளிந்துவிட்டதே, ஒன்றும் நடக்கவில்லையா என்றால், நடந்தது இரண்டு. முதலில் கரையாத கால்சியம் கார்பனேட் வந்து கலங்கியது; மூச்சிலிருந்து கார்பன் டை ஆக்சைடு மேலும் மேலும் போகப்போக அது கரையக்கூடிய கால்சியம் பைகார்பனேட் ஆனது. தெளிந்ததைக் கொதிக்க வைத்துப் பாருங்கள், திரும்பக் கலங்கும். எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் வெந்நீர்ப் பானையின் அடியில் படிகிற வெள்ளைப் பாறைக்கும் பெரும்பாலும் இதுவே காரணம். பானையைக் காட்டினேன். அதன் பிறகு அவனே ஒவ்வொரு சோதனைக்கும் "இப்போ என்ன பொருள் இருக்கு?" என்று கேட்கத் தொடங்கினான்.

குமிழி விஷயத்துக்கு வருவோம். குமிழி வந்தால் வேதியியல் என்றால் கொதிக்கிற தண்ணீர் என்ன? அதில் வருவது நீராவி, தண்ணீரேதான். புத்தகம் சமையல் சோடாவில் சிட்ரிக் அமிலக் கரைசலை ஊற்றச் சொல்கிறது, பொங்குகிறது, பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. நான் கூடவே ஒரு கோலி சோடா வாங்கிவரச் சொன்னேன். கோலியை உள்ளே அழுத்தினால் அதுவும் பொங்குகிறது. இரண்டிலும் வருவது ஒரே வாயு, இரண்டுமே சுண்ணாம்புத் தண்ணீரைக் கலங்கவைக்கும். ஆனால் சோடாவில் அந்தக் கார்பன் டை ஆக்சைடு ஏற்கெனவே உள்ளே அழுத்திக் கரைக்கப்பட்டிருந்தது, மூடி திறந்ததும் வெளியே வருகிறது: இயற்பியல் மாற்றம். (கரைந்ததில் மிகச் சிறு பங்கு கார்பானிக் அமிலமாக இருக்கும். அதை ஏழாம் வகுப்பில் விட்டுவிடலாம்.) சமையல் சோடாவில் அது அப்போதுதான் பிறக்கிறது. குமிழியை மட்டும் பார்த்து இந்த இரண்டையும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பெட்டிக்குள் கோலி சோடா வைத்து அனுப்ப முடியாதுதான். ஒரு வரி எழுதியிருக்கலாம்.

சூட்டைப் பற்றிய வரியும் இப்படித்தான். சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் சேரும் பாத்திரத்தில் தெர்மாமீட்டரை வையுங்கள், சிவப்புக் கோடு கீழே இறங்கும். வேதியியல் மாற்றம் சூட்டை வெளியே விடவும் செய்யும், உள்ளே இழுத்துக்கொள்ளவும் செய்யும். அடுத்து நவச்சாரத்தை வெறும் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள், அதிலும் சில்லென்று இறங்கும். இது கரைதல், பாடப்புத்தகக் கணக்கில் இயற்பியல் மாற்றம், தண்ணீரை வற்றவிட்டால் நவச்சாரம் திரும்பக் கிடைக்கும். தெர்மாமீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான்.

நவச்சாரத்தில் எனக்குப் பெரிய மனக்குறை உண்டு. அதைச் சூடாக்கினால் உருகாமல் வெண்புகையாகிக் குழாயின் மேல்பக்கம் வெள்ளையாகப் படிகிறது. இது பதங்கமாதல் (திடப்பொருள் உருகாமல் நேரே ஆவியாவது), இயற்பியல் மாற்றம் என்று புத்தகம் எழுதுகிறது. இந்தக் கம்பெனியை மட்டும் குறை சொல்ல முடியாது, பல புத்தகங்களில் இப்படித்தான் இருக்கிறது. உண்மையில் சூட்டில் நவச்சாரம் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. மேலே குளிர்ந்த இடத்தில் இரண்டும் திரும்பச் சேர்ந்து நவச்சாரமாகப் படிகிறது. பள்ளியில் குழாயின் நடுவில் கண்ணாடிப் பஞ்சு அடைத்துச் செய்து காட்டுவோம்: எடை குறைந்த அம்மோனியா முந்திக்கொண்டு வரும், அது காரம், அது பட்டதும் ஈரமான சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாகும். பிரியவே இல்லை என்றால் தாள் எப்படி நிறம் மாறும்?

முன்பெல்லாம் தெருவுக்கு வந்து பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் இதை வைத்துத்தான் தொழில் செய்தார்கள். காய்ந்த பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவித் தேய்ப்பார்கள், குப்பென்று வெண்புகை வரும், பாத்திரம் பளபளக்கும். சூட்டில் பிரிந்த அமில வாயு உலோகத்தின் மேலிருந்த ஆக்சைடைத் தின்றுவிடுகிறது, அது வேதியியல். அதன் மேல் ஈயம் என்று நாம் சொல்லுகிற வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிப் பரவி உறைகிறது, அது இயற்பியல். ஒரே பாத்திரத்தில், ஒரே ஆள் கையில், சில நிமிஷத்துக்குள் இரண்டும் நடக்கும். பேரன் ஈயம் பூசிப் பார்த்ததில்லை. எவர்சில்வர் காலத்துப் பிள்ளை. நான் வாயால் சொல்லித்தான் காட்ட வேண்டியிருந்தது.

உண்மையான பதங்கமாதல் வேண்டுமென்றால் பூஜை அலமாரியில் சூடம் இருக்கிறது. டப்பாவைச் சரியாக மூடாமல் வைத்தால் கட்டி சிறுத்துக்கொண்டே போகும், மூடியின் உட்புறம் வெள்ளையாகப் படியும். அது சூடமேதான். கொளுத்தினால் கரி பறந்து காணாமல் போவது வேதியியல். இதைப் புத்தகத்தில் போடாதது ஆச்சரியம்.

ஆணி. இது வெறும் குறை இல்லை, தவறு. மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் ஆணியின் மேல் செம்பு படிந்து செம்பழுப்பாகும், நீலக் கரைசல் மெல்ல வெளிர்பச்சையாகும் என்று படம் போட்டிருக்கிறார்கள். பெட்டியில் வந்த ஆணியோ துத்தநாகப் பூச்சு ஏறியது, வெள்ளையாக மின்னுகிறது. அதைப் போட்டால் கறுப்பாக, சேறு மாதிரி ஏதோ அப்பிக்கொள்கிறது. கரைசலும் பச்சையாகாமல் வெளுக்கிறது, ஏனென்றால் முதலில் வினையில் இறங்குவது இரும்பு அல்ல, துத்தநாகம். படத்தைப் பார்த்துவிட்டு நிஜத்தைப் பார்க்கிற பிள்ளை நாம்தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டோம் என்று நினைக்கும். ஹார்டுவேர் கடையில் பூச்சில்லாத சாதா இரும்பாணி வாங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் போட்டேன், படத்தில் இருப்பதுபோலவே வந்தது. வாங்குகிறவர்கள் முதலிலேயே ஐந்து ரூபாய்க்கு ஆணி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரும்புத்தூள், கந்தகம் சோதனை பெட்டியிலேயே சிறந்தது, ஆனால் அளவில் கோட்டைவிட்டிருக்கிறார்கள். 'தலா ஒரு கரண்டி' என்று எழுதியிருக்கிறது. இரும்புத்தூள் கனம், கந்தகத்தூள் லேசு. கரண்டிக்குக் கரண்டி போட்டால் இரும்பு மிஞ்சிவிடும், சூடாக்கிய பிறகும் காந்தம் இழுக்கும், 'புதுப் பொருளைக் காந்தம் இழுக்காது' என்ற பாடமே பாழ். எடை போட்டு 7 பங்கு இரும்பு, 4 பங்கு கந்தகம் எடுங்கள். சூடாக்குமுன் காந்தத்தைத் தாளில் சுற்றிக் காட்டினால் இரும்பு மட்டும் பிரிந்து வரும். அதுவரை வெறும் கலவை. சாராய விளக்கில் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒரு இடத்தில் தணல் பிடித்துவிட்டால் விளக்கை எடுத்த பிறகும் அந்தத் தணல் தானாகவே குழாய்க்குள் பரவிப்போகும், அது பார்க்க வேண்டிய காட்சி. ஆறிய கறுப்புக் கட்டியை உடைத்துக் காந்தத்தைக் காட்டுங்கள், பேசாமல் கிடக்கும். இதை மொட்டைமாடியில் காற்றோட்டமாகச் செய்யுங்கள். கந்தகம் கொஞ்சம் எரிந்தாலும் வீடே இருமும்.

துத்தநாக ஆக்சைடை எதற்கு வைத்தார்கள் என்று கடைசிவரை விளங்கவில்லை. புத்தகத்தில் அதற்குச் சோதனையே இல்லை. ஆனால் வைத்ததற்கு நன்றி. வெள்ளைப் பொடி, சூடாக்கினால் மஞ்சளாகும், ஆறினால் மறுபடி வெள்ளை. மயில்துத்தத்தைப் போலவே நிறம் போய்த் திரும்புகிறது, ஆனால் இது இயற்பியல் மாற்றமாகவே எண்ணப்படுகிறது. தண்ணீர் விட வேண்டியதில்லை, எதையும் சேர்க்க வேண்டியதில்லை, தராசில் எடை அப்படியே இருக்கிறது, சூடாக இருக்கும்போதும் அது துத்தநாக ஆக்சைடுதான். மயில்துத்தத்தையும் இதையும் ஒரே நாளில் அடுத்தடுத்துச் செய்யுங்கள்.

எடை மாறாது என்று காட்டுவதற்கு ஒரு பலூன் சோதனை வைத்திருக்கிறார்கள். பாட்டிலில் சிட்ரிக் அமிலக் கரைசல், பலூனுக்குள் சமையல் சோடா, பலூனை வாயில் மாட்டி எடை பார்த்துவிட்டுக் கவிழ்த்தால் பலூன் ஊதும், மறுபடி எடை பார்த்தால் அதே எடை என்கிறது புத்தகம். நல்ல தராசில் வைத்தால் ஒரு கிராமுக்கு மேல் குறையும். "ஆச்சி, காத்து ஒழுகுது" என்றான். ஒழுகவில்லை. ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவிலிருந்து ஒரு லிட்டருக்கு மேல் வாயு வரும். அவ்வளவு பெரிதாக ஊதிய பலூன் தன்னைச் சுற்றியுள்ள காற்றை அந்த அளவு விலக்குகிறது. ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிராம், அந்த அளவுக்குக் காற்று அதை மேலே தூக்கிப் பிடிக்கிறது. பொருள் எங்கும் போகவில்லை, தராசு ஏமாறுகிறது. இதை விளக்கிச் சொல்ல ஆள் இல்லாத வீட்டில் பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? வேதியியல் மாற்றத்தில் மொத்த எடை மாறாது என்று 18ஆம் நூற்றாண்டில் பாரிஸில் வேதியியல் அறிஞர் லவாய்சியே மூடிய பாத்திரத்தில் எடை போட்டு நிலைநாட்டியதை இந்தப் பலூன் ஒரே நிமிஷத்தில் கவிழ்த்துவிடும்.

இதற்குப் பதில் பெட்டியில் இருக்கும் மயில்துத்தக் கரைசலையும் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரையும் தனித்தனி டம்ளரில் ஊற்றி, இரண்டையும் சேர்த்துத் தராசில் வைத்துவிட்டு, ஒன்றை மற்றதில் கொட்டி, காலி டம்ளரையும் திரும்பத் தராசிலேயே வையுங்கள். நீலநிறத்தில் வீழ்படிவு இறங்கும், வாயு ஏதும் வராது, எடை அசையாது. விவசாயம் தெரிந்த வீட்டில் இதைப் பார்த்ததும் போர்டோ கலவை என்பார்கள். பிரான்ஸில் திராட்சைக் கொடியின் பூஞ்சை நோய்க்காக 1880களில் வந்த மருந்து, இன்றும் இங்கே பாக்குக்கும் காப்பிக்கும் அடிக்கிறார்கள்.

மக்னீசியம் நாடா: பிரமாதமான வெளிச்சம், நேராகப் பார்க்கக் கூடாது. சாம்பலை எடைபோடு, எடை கூடியிருக்கும் என்கிறது புத்தகம். கூடும்தான், 24 கிராம் மக்னீசியம் 40 கிராம் ஆக்சைடு தரும். ஆனால் கொடுத்திருக்கிற துண்டு ஒவ்வொன்றும் விரல் நீளம், அதன் எடையையே வீட்டுத் தராசு காட்டாது. வேடிக்கைக்குக் கொளுத்திப் பாருங்கள், அவ்வளவுதான்.

மெழுகுவர்த்திப் பக்கம் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. உருகுவது ஒரு மாற்றம், எரிவது இன்னொன்று என்று பிரித்துக் காட்டுகிறார்கள். அணைத்தவுடன் எழுகிற வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டினால் திரியைத் தொடாமலே தீ தாவி இறங்குவதையும் சேர்த்திருக்கிறார்கள். எரிவது மெழுகின் ஆவி என்று கண்ணால் தெரிந்துவிடுகிறது. விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கு ஒரு மெழுகுவர்த்தியை வைத்து 6 சொற்பொழிவு நடத்தினார். இந்தப் பக்கத்தை எழுதியவருக்கு அது தெரிந்திருக்கும் போலிருக்கிறது. நாலாம் பக்கத்தை எழுதியவர் வேறு ஆள் என்று அடித்துச் சொல்வேன்.

அப்புறம் அந்தக் கடைசிப் பக்கம். 'யோசித்துப் பார்' என்று தலைப்பு, விடை இல்லாத கேள்விகள். முட்டை வேகுவது எந்த மாற்றம்? உப்பு தண்ணீரில் கரைவது? வெண்ணெய் நெய்யாவது? விடை போடாமல் விட்டதற்காகவே இரண்டு நட்சத்திரம். உப்பைப் பாருங்கள். தூத்துக்குடி அளத்தில் கடல்தண்ணீர் வெயிலில் வற்றி உப்பு விளைகிறது, அதனால் கரைவதும் திரும்பப் படிவதும் இயற்பியல் மாற்றம் என்று நான் பல வருஷம் நடத்தியிருக்கிறேன், பரீட்சைக்கு விடையும் அதுதான். அதே சமயம் கரையும்போது படிகத்திலிருந்து சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் தனித்தனியாகப் பிரிந்து தண்ணீரால் சூழப்படுகின்றன, அது வெறும் கலப்பு இல்லை என்று வாதாடுகிற வேதியியல்காரர்களும் உண்டு. முட்டையில் புதுப் புரதம் எதுவும் வந்துவிடவில்லை, இருந்த புரதத்தின் மடிப்பு அவிழ்ந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கிறது. ஆனாலும் திரும்பாது, பாடப்புத்தகம் வேதியியல் என்கிறது. எல்லைக்கோடு எல்லா இடத்திலும் அழுத்தமாகப் போடப்பட்டதில்லை என்று பன்னிரண்டு வயதிலேயே தெரிந்துகொள்வதில் ஒரு நஷ்டமும் இல்லை.

நெய்யை நாங்கள் உருக்கியே பார்த்தோம். தயிரிலிருந்து வெண்ணெய் திரள்வது இயற்பியல், பால் தயிரானது வேதியியல், அது முந்தைய கதை. அடுப்பில் வெண்ணெய் முதலில் உருகுகிறது. பிறகு சடசடவென்று சத்தம், உள்ளிருந்த தண்ணீர் ஆவியாகிறது. இதுவரை இயற்பியல்தான். சத்தம் அடங்கி, அடியில் பால் கசடு பொன்னிறமாகி வாசம் வருகிறதே, அங்கே புதுப் பொருட்கள் பிறக்கின்றன. முருங்கைக்கீரை போடுகிற நேரமும் அதுதான். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பதையும், அதில் எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாவதையும் அன்றைக்கே செய்துவிட்டோம். இப்போது அவனுக்கு 'திரும்பினால் இயற்பியல்' என்று சொன்னால் சிரிக்கிறான்.

பாதுகாப்பு பற்றிப் பெட்டியில் பொடி எழுத்தில் போட்டிருப்பதை நான் பெரிய எழுத்தில் சொல்கிறேன். மயில்துத்தம் விஷம். வாயில் படக் கூடாது, சமையல் பாத்திரத்தில் கரைக்கக் கூடாது, மிச்சத்தை மீன் தொட்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. சுண்ணாம்புத் தண்ணீரை ஸ்ட்ராவில் ஊதத்தான் வேண்டும், உறிஞ்சிவிடாமல் பெரியவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். சமையல் சோடாவும் அமிலமும் சேர்ந்த பாட்டிலைத் திருகி மூடக் கூடாது, வெடிக்கும். எரிகிற விளக்கில் ஸ்பிரிட் ஊற்றக் கூடாது. அட்டையில் '8 வயது முதல்' என்று இருக்கிறது, நான் 11க்குக் கீழே கொடுக்கமாட்டேன், பெரியவர் கூட இல்லாமல் எந்த வயதுக்கும் கொடுக்கமாட்டேன்.

டெலிவரியில் ஒரு குழாய் உடைந்து வந்தது. போட்டோ அனுப்பினேன், அதிகம் கேள்வி கேட்காமல் மாற்றுக் குழாய் அனுப்பினார்கள். ஆணி விஷயத்தையும் அளவு விஷயத்தையும் எழுதினேன், 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது.

யாருக்கு இது உதவும்? வீட்டில் வேதியியல் கொஞ்சமாவது தெரிந்த ஒருவர் கூட உட்காரத் தயார் என்றால் கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கும். பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துவிட்டு டிவி பார்க்கிற எண்ணம் என்றால் வேண்டாம், நாலாம் பக்கம் மனசில் பதிந்துவிடும். பொருட்கள் தீர்ந்தால் இரண்டாவது பெட்டி வாங்காதீர்கள். மயில்துத்தமும் நவச்சாரமும் நாட்டு மருந்துக் கடையில் கேட்டுப் பாருங்கள், மயில்துத்தம் உரக்கடையிலும் கிடைக்கும். சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் மளிகைக் கடையில் உண்டு. மக்னீசியம் நாடாவும் துத்தநாக ஆக்சைடும் மட்டும் மதுரை, திருநெல்வேலி பக்கம் பள்ளிகளுக்கு ஆய்வகச் சாமான் விற்கிற கடைகளில் விசாரிக்க வேண்டியிருக்கும். அங்கே போனால் ஒரு சின்னத் தராசும் வாங்கிவிடுங்கள்.